அடுத்த ஸ்டாப்பைச் சத்தமாகச் சொல்லுங்கள்

(வெள்ளைக் கோல் தினக் கூட்டத்தில் பேசியது)

நகர்மன்றத் தலைவர் அவர்களே, வேலை நாளாக இருந்தும் எங்களுக்காக வந்திருக்கும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர் அவர்களே, மைக் செட்டுக்குப் பணமே வேண்டாம் என்று சொல்லிவிட்ட தம்பியே, எனக்குப் பிரெயில் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் அவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கோல், நடைபாதை, பேருந்து என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்று ஒரு போட்டோகிராபர். விபத்தில் பார்வை போனது. வண்டிக்காரர்கள் கண்ணில் பட வேண்டுமே என்று 1921இல் தன் கைத்தடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்தார். அதாவது கோலின் நிறம் பார்வையில்லாத எங்களுக்காக இல்லை, உங்களுக்காக. நடைபாதையில் மஞ்சள் டைல்ஸ் பார்த்திருப்பீர்கள். காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படுகிற அந்த மேடு நீளக் கோடாக இருந்தால் நாங்கள் நடக்கலாம், புள்ளி புள்ளியாக இருந்தால் நின்று கவனிக்க வேண்டும். 1967இல் ஜப்பானில் ஒகயாமாவில் முதலில் பதித்தார்கள். தயவுசெய்து அதன் மேல் பைக் நிறுத்தாதீர்கள்.

இப்போது பஸ். டவுனிலிருந்து வீட்டுக்கு வர எனக்கு ஒரு கணக்கு உண்டு. ரயில்வே கேட்டில் இரண்டு குலுக்கல், இடது பக்கம் ஒரு வளைவு, இரண்டு வேகத்தடை, அப்புறம் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. வாசனை வந்ததும் எழுந்துவிடுவேன். பதினோரு வருஷம் தப்பவில்லை. ஒருநாள் கடைக்காரர் வீட்டில் கல்யாணம், கடை பூட்டு. அந்த வாரம்தான் புது ரோடு போட்டு வேகத்தடையையும் எடுத்திருந்தார்கள். வாசனை வரும், வரும் என்று முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். வண்டிக்குள் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே வந்து கடைசியில் இன்ஜினும் நின்றது. "சார், டெப்போ வந்தாச்சு, நீங்க எங்க இறங்கணும்?" இரவு ஒன்பதரை மணி.

கண்டக்டர் சின்னப் பையன், தன் பைக்கிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியில் ஒரு கேள்வி கேட்டார்: "சார், நான் ஸ்டாப் பேரைக் கத்திச் சொல்லியிருந்தா நீங்க இறங்கியிருப்பீங்கல்ல?" மறுநாளிலிருந்து அவர் வண்டியில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் பேர் சொன்னார், படிக்கட்டில் நின்று எந்த ஊர் வண்டி என்றும் சொன்னார். முதல் வாரம் காலேஜ் பசங்க சிரித்தார்கள். ஆனால் கீரைக்கூடையோடு வரும் பாட்டி ஒருவர், எழுத்து தெரியாதவர், "உன் வண்டியிலதான் தம்பி யாரையும் கேக்காம இறங்குறேன்" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். எங்களுக்கென்று செய்தது பாட்டிக்கும் உதவியது. ஊர் கூடித் தேர் இழுப்பது இதுதான் ஐயா!

சென்னை மெட்ரோவில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்கிறார்கள். அங்கே சில மாநகரப் பேருந்துகளிலும் சொல்கிறார்கள். போக்குவரத்தை நாங்கள் பயன்படுத்தும்படி அமைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே இருக்கிறது. நம் ஊருக்கு மெஷின் வரட்டும், சந்தோஷம். அதுவரை கண்டக்டருக்குக் குரல் இருக்கிறதே?

மேலாளர் அவர்களே, எங்கள் மனு உங்கள் மேஜையில் இருக்கிறது, ஒரே பக்கம்தான். உள்ளே இருப்பவர்களுக்கு அடுத்த ஸ்டாப்பின் பெயர், வெளியே நிற்பவர்களுக்கு வண்டி எங்கே போகிறது என்ற தகவல், இரண்டே கோரிக்கை. கூட்டம் முடிந்ததும் எட்டேகால் வண்டியில் நாங்கள் பதினாறு பேர் ஏறுகிறோம். அந்த வண்டியிலேயே ஆரம்பித்துவிடலாம்.