வடியும் ஆறும் தூண்டிலும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். ஆற்றுக்குத் தூண்டிலோடு புறப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் ஞாயிற்றுக்கிழமையா, தீபாவளி விடுமுறையா என்று நாட்காட்டியைப் பார்த்தே நாள் குறிக்கிறார்கள். ஆறு இப்போது ஏறுகிறதா, வடிகிறதா, எத்தனை நாளாகத் தெளிந்து கிடக்கிறது என்பதைக் கேட்டறிந்து நாள் குறிப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருடைய கூடையில்தான் மீன் இருக்கும் என்பதை நான் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறேன். இன்றும் அதையே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் நம் இலங்கை மலைநாட்டின் பருவத்தைப் பார்ப்போம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மஸ்கெலியா, நோர்வூட், கினிகத்தேனைப் பக்கத்து ஆறுகளை நிரப்பும். அதே காலத்தில் மலைத்தொடருக்கு அப்பால், பதுளைப் பக்கத்தில், தண்ணீர் குறைந்திருக்கும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று அந்த நிலைமையை மாற்றிவிடும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், விடியற்காலையில் போய் நண்பகலுக்குள் கரையேறிவிட வேண்டும்.

நம் தலைக்கு மேல் பெய்யும் மழையை விட, ஆற்றின் தலைப்பகுதியில் பெய்யும் மழைதான் முக்கியம். தலவாக்கலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அக்கரப்பத்தனையில் பெய்த மழை கலங்கலாக வந்து சேரும். ஆகவே மேலே இருக்கும் உறவினர் ஒருவரிடம் தொலைபேசியில் விசாரித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. நீர்ப்பாசனத் திணைக்களம் நாவலப்பிட்டி, பேராதனை, நோர்வூட், கித்துல்கல போன்ற இடங்களின் நீர்மட்டத்தை வெளியிடுகிறது. ஒரே அளவைப் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், சில மணி நேர இடைவெளியில் இரண்டு அளவுகளைப் பார்த்தால் ஆறு ஏறுகிறதா, வடிகிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்த ஒரு பெரியவர். கொத்மலை ஓயாவின் கரைக்கு வந்ததும் அவர் தூண்டிலைத் தொடமாட்டார். தண்ணீர் விளிம்பில் ஓர் ஈர்க்கை நட்டுவிட்டு, பாறையில் உட்கார்ந்து வெற்றிலை மடிப்பார். வெற்றிலை மென்று முடியும்போது விளிம்பு ஈர்க்கைத் தாண்டி மேலே வந்திருந்தால், தங்கூசி என்னும் தூண்டில் நூலை அவிழ்க்காமலே எழுந்துவிடுவார். கீழே இறங்கியிருந்தால் மட்டுமே புழு டப்பாவைத் திறப்பார். “தம்பி, ஏறுற தண்ணியில மீனு ஒதுங்கும், எறங்குற தண்ணியில மீனு மேயும்” என்பார். பாறையைப் பார்த்தே சொல்லவும் அவரால் முடிந்தது. தண்ணீருக்கு மேலே பாறையில் கறுத்த ஈரப்பட்டை ஒன்று தெரிந்தால் ஆறு வடிகிறது. பாறை விளிம்பு வரை காய்ந்திருந்து, உலர்ந்த சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வந்தால் ஆறு ஏறத் தொடங்கிவிட்டது. அந்தச் சருகு கரையில் கிடந்ததைத்தான் புதுவெள்ளம் தூக்கிக்கொண்டு வருகிறது.

அவர் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஏறும் வெள்ளத்தில் மண் மீனின் செவுளை உறுத்துகிறது. இழுப்பை எதிர்த்து நிற்கவே அதன் பலம் போய்விடுகிறது. வடியும்போது, கரையிலிருந்து அடித்துவரப்பட்ட புழுவும் பூச்சியும், வேகத் தண்ணீரும் மந்தத் தண்ணீரும் உரசும் கோட்டில் வந்து சேர்கின்றன. மீன் அங்கே காத்திருக்கிறது. தண்ணீர் சாயத்தண்ணி, அதாவது பால் கலக்காத தேநீர், நிறத்துக்கு வந்து, முழங்கை வரை கையை விட்டால் விரல்கள் மங்கலாகத் தெரியும் நேரமே சிறந்த நேரம். காட்டிலிருந்து வரும் சிற்றோடை மறுநாளே இந்த நிலைக்கு வந்துவிடும். பெரிய ஆற்றுக்கு இரண்டு, மூன்று நாள் வேண்டும். நுவரெலியாப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களின் மண்ணைக் கழுவி வரும் ஓடை இன்னும் தாமதமாகத்தான் தெளியும். திரும்பவும் சொல்கிறேன்: வடியும் தண்ணீரைத் தேடிப் போங்கள்.

நம் மலைநாட்டில் மழையில்லாமலும் ஆறு ஏறும் என்பதை மறந்துவிடக் கூடாது. மேல் கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறந்தால், சென் கிளயர் நீர்வீழ்ச்சிக்குக் கீழே நிற்பவருக்கு மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். கித்துல்கலவில் பொல்பிட்டிய நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கினால், களனி ஆற்றின் மட்டம் உயரும். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருப்பதால், அணைக்குக் கீழே அந்தி நேரத்தில் ஆற்று நடுப் பாறையில் உட்காரவே வேண்டாம். அணையின் எச்சரிக்கைச் சங்கு ஊதினால், சாமானைப் பொறுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

நேரம் முடிவதாக நிலையத்தார் கை காட்டுகிறார்கள். இரை பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். கலங்கலில் மீன் கண்ணால் தேடாது, வாசனையால் தேடும். மண்புழுவைக் கனத்த ஈயத்தோடு கரையோரத்தில் போடுங்கள். தெளிந்த தண்ணீரில் மெல்லிய தங்கூசியும், சிறு தூண்டில் முள்ளும், கடலையளவு கோதுமைமா உருண்டையும் போதும். நிழல் தண்ணீரில் விழாமல் பின்னால் தள்ளி நில்லுங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா என்பதால், அங்குள்ள ஓடைகளுக்குத் தூண்டிலோடு போக வேண்டாம். வணக்கம்.