ஜேன் லிஞ்ச்: எழுதாத வசனத்தில் பயின்ற நடிகை

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களை ஓரளவு பார்ப்பவர்கள் கூட, முகத்தைக் கண்டதும் ‘இவரை எங்கோ பார்த்திருக்கிறோமே’ என்று சொல்லிவிட்டுப் பெயரைத் தேடி நிற்பது குணச்சித்திர நடிகைகள் விஷயத்தில்தான். ஜேன் லிஞ்ச் அப்படி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெயரில்லாத முகமாக இருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில், 2009-இல் தொடங்கிய, ஒரு பள்ளியின் பாட்டுக் குழுவைப் பற்றிய ‘க்ளீ’ தொடர்தான் அவருடைய பெயரையும் வீடுதோறும் கொண்டு சேர்த்தது. அந்த இருபது ஆண்டுகளில் அவர் எதைக் கற்றார், கற்றது பிற்காலத்தில் எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அவர் 1960 ஜூலையில் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நகரை ஒட்டிய எவர்கிரீன் பார்க்கில் பிறந்து, அருகிலிருக்கும் டோல்டனில் வளர்ந்தவர். சிறுவயதிலிருந்தே நடிகையாக வேண்டும் என்ற ஆசை கொண்டிருந்தவருக்கு உயர்நிலைப் பள்ளியில் ஓரங்க நாடகம் ஒன்றில் அரசன் வேடம் கிடைத்தபோது, தோற்றுவிடுவோமோ என்ற அச்சத்தில் ஒத்திகையின் நடுவே விலகிவிட்டதாக அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறகு இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகத்திலும், கார்னெல் பல்கலைக்கழகத்திலும் நாடகம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். ஆறடி உயரம், கனத்த குரல், ஆணைபோல ஒலிக்கும் பேச்சு: கதாநாயகி வேடத்திற்கு இவை எதுவும் உதவாது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு அதிக காலம் ஆகியிருக்காது.

சிகாகோவுக்குத் திரும்பியவரைச் சேர்த்துக்கொண்டது அந்த நகரத்திற்கே உரிய ஒரு நாடக மரபு. கச்சேரியில் மனோதர்மம் என்று நாம் சொல்வதைப் பேச்சிலும் உடலசைவிலும் செய்து காட்டும் மரபு அது. அதற்கு வித்திட்டவர் வயோலா ஸ்போலின் என்ற பெண்மணி. 1930-களின் பொருளாதார மந்தக் காலத்தில், குடியேறிகளின் பிள்ளைகள் நிறைந்த சிகாகோவின் குடியிருப்புகளில், மொழியும் பழக்கமும் வேறுபட்ட குழந்தைகளை ஒன்றாக விளையாட வைப்பதற்காக அவர் நாடக விளையாட்டுகள் பலவற்றை உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் அந்த விளையாட்டுகளை வளர்ந்தவர்களின் மேடைக்குக் கொண்டுவந்தார். அவரும் நண்பர்களும் 1959 டிசம்பரில் தொடங்கிய ‘செகண்ட் சிட்டி’ இன்றுவரை அமெரிக்க நகைச்சுவையின் நாற்றங்காலாக இருந்து வருகிறது. லிஞ்ச் அதன் சுற்றுப்பயணக் குழுவில் நடித்தவர்.

அங்கே வேலை நடக்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய நிகழ்ச்சி முடிந்தபின், பார்வையாளர்களிடம் ஓர் இடத்தையோ, ஓர் உறவையோ, ஒரு தொழிலையோ கேட்டு வாங்கிக்கொண்டு நடிகர்கள் மேடையேறுவார்கள். முதலில் பேசுபவர் ‘டாக்டர், என் கால் நீலமாகிவிட்டது’ என்று சொன்னால், எதிரில் நிற்பவர் அந்த நொடியிலிருந்து டாக்டர்தான். ‘நான் டாக்டர் இல்லையே’ என்று மறுத்தால் காட்சி அங்கேயே செத்துவிடும். ஆகவே எதிராளி தந்ததை ஏற்று, அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பதே அடிப்படை விதி. இப்படிப் பிறந்த காட்சிகளில் தேறியவற்றைத் திரும்பத் திரும்ப நடித்து, செதுக்கி, அடுத்த நிகழ்ச்சிக்கு உரிய எழுத்தாக மாற்றிக்கொள்வார்கள். இந்தப் பயிற்சி நடிகரை வேடிக்கையாகப் பேசக் கற்றுக்கொடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். காது கொடுத்துக் கேட்கவும், தான் யார் என்பதில் ஒரு நொடியும் ஐயம் காட்டாமல் நிற்கவும்தான் அது முதன்மையாகக் கற்றுக்கொடுக்கிறது என்பது என் எண்ணம். லிஞ்ச் ஏற்ற வேடங்கள் பெரும்பாலும் தம்மைப் பற்றித் துளியும் ஐயமில்லாத மனிதர்களாக இருப்பது தற்செயல் அன்று.

1990-இல் சிகாகோவின் ‘அனாயன்ஸ்’ நாடக அரங்கில் ஒரு விசித்திரமான முயற்சி நடந்தது. 1969 முதல் 1974 வரை ஒளிபரப்பான ‘பிராடி பன்ச்’ என்ற குடும்பத் தொடரின் பழைய கதைகளை, ஒரு சொல்லும் மாற்றாமல் அப்படியே மேடையில் நடித்தார்கள். அதில் தாயாக நடித்தவர் லிஞ்ச். பேச்சைத் தாமே படைத்துக்கொள்ளும் குழுவினர், பிறர் எழுதிய சலிப்பூட்டும் வசனத்தை அச்சுப் பிசகாமல் சொல்ல வேண்டியிருந்தது. அதைக் கேலிக் குரலில் சொல்லாமல் முழு நம்பிக்கையோடு சொன்னதால்தான் அரங்கம் சிரித்தது. இந்த நாடகம் நியூயார்க் வரை சென்றது.

திரைப்படங்களில் அவருக்கு முதலில் கிடைத்தவை சில நிமிடங்களே. 1993-இல் ‘தி ஃப்யூஜிடிவ்’ படத்தில் ஹாரிசன் ஃபோர்டுக்கு உதவும் மருத்துவ ஆய்வாளராக வந்து போனார். பின்னர் கெல்லாக்ஸ் உணவு விளம்பரம் ஒன்றில் நடித்தார். அதை இயக்கியவர் கிறிஸ்டோபர் கெஸ்ட். கெஸ்ட்டும் யூஜின் லெவியும் தம் படங்களுக்குக் காட்சிகளின் போக்கை மட்டும் எழுதிவைத்து, வசனத்தை நடிகர்களிடமே விட்டுவிடுபவர்கள். நாய்க் கண்காட்சியைக் களமாகக் கொண்ட ‘பெஸ்ட் இன் ஷோ’ படத்தில் (2000), பூடில் நாயைப் பழக்கிக் காட்டும் கிறிஸ்டி கம்மிங்ஸாக லிஞ்சை அழைத்தார்கள். தன் தொழிலைப் போர்க்களமாக எண்ணும் அந்தப் பெண்ணை அவர் வரைந்த விதம், பிற்காலத்தில் ‘க்ளீ’ தொடரில் அவர் ஏற்ற சூ சில்வெஸ்டர் என்ற பாத்திரத்திற்கு ஒரு முன்னோட்டம் என்றே தோன்றுகிறது.

2005-இல் வந்த ‘தி 40 இயர் ஓல்ட் வர்ஜின்’ படத்தில் மின்சாதனக் கடை மேலாளர் வேடம் முதலில் ஆணுக்காக எழுதப்பட்டது. அதை லிஞ்ச் ஏற்று, கதாநாயகனிடம் மெல்லிய குரலில் ஒரு குவாத்தமாலா காதல் பாட்டைப் பாடுவார். உண்மையில் அது காதல் பாட்டே அன்று. பள்ளியில் ஸ்பானிய மொழி படித்தபோது மனப்பாடம் செய்த, அறையைச் சுத்தம் செய்வதையும் கால்பந்தாட்டம் பார்க்கப் போவதையும் பற்றிய பாட வாக்கியங்களைத்தான் அவர் உருக்கமாகப் பாடினார்!

இக்காலத்தில் ‘டூ அண்ட் எ ஹாஃப் மென்’ தொடரில் மனநல மருத்துவராகவும், ‘கிரிமினல் மைண்ட்ஸ்’ தொடரில் மனச்சிதைவு நோயால் துன்புறும் ஒரு தாயாகவும், வேறு தொடர்களில் வழக்கறிஞர் உள்ளிட்ட வேடங்களிலும் வந்தார்.

‘க்ளீ’ தொடரின் முதல் வரைவில் சூ சில்வெஸ்டர் இல்லவே இல்லை. பாட்டுக் குழுவுக்கு ஓர் எதிரி வேண்டும் என்று தொலைக்காட்சி நிறுவனம் சொன்னபின் சேர்க்கப்பட்ட பாத்திரம் அது. ஒஹாயோவின் ஒரு பள்ளியில் சியர்லீடிங் (விளையாட்டுப் போட்டிகளில் ஆடி உற்சாகமூட்டும் குழு) பயிற்சியாளரான சூ, எந்நேரமும் டிராக் சூட் அணிந்து, நீண்ட, கொடூரமான, அபத்தமான வசைகளை மூச்சு விடாமல் பொழிவாள். அவற்றில் பெரும்பகுதியை எழுதியவர், தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான இயன் பிரென்னன். அதாவது, எழுதாத வசனத்தில் பயின்ற நடிகைக்குப் புகழ் தந்தது முழுக்க எழுதப்பட்ட வசனம்! ஆனால் அந்த வாக்கியங்கள் அவள் வாயில் அப்போதே முளைத்தவைபோல ஒலித்ததற்கு, பிராடி குடும்பத்தின் தாயாக நின்ற அனுபவத்தை விட்டால் வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. முதல் பருவத்தின் ‘வீல்ஸ்’ என்ற பகுதியில், டவுன் நோய்க்குறி உள்ள தன் அக்காவுக்குச் சூ கதைப் புத்தகம் வாசித்துக்காட்டுவாள். குரலோ நடையோ அதிகம் மாறாமலே அவள் இன்னொரு மனுஷியாகிவிடுகிறாள். பிந்திய பருவங்களில் எழுத்தாளர்கள் இப்பாத்திரத்தை வாரத்துக்கு ஒரு விதமாக வளைத்ததில் எனக்கு வருத்தம் உண்டு. 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும், அடுத்த ஆண்டு கோல்டன் குளோப் விருதும் இந்த வேடத்திற்காக அவருக்குக் கிடைத்தன.

அதன்பின் ‘ஹாலிவுட் கேம் நைட்’ விளையாட்டு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கி இரண்டு எம்மி பெற்றார். 2019-இல், ‘தி மார்வலஸ் மிஸஸ் மெய்சல்’ தொடரின் சோஃபி லெனனுக்காகவும் எம்மி கிடைத்தது. மேடையில் குண்டான ஏழைக் குடும்பத்தலைவியாகச் சிரிக்க வைத்து, வீட்டில் சீமாட்டியாக வாழும் நகைச்சுவைக் கலைஞர் அந்த சோஃபி.

அண்மைக்கால வேடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ‘ஒன்லி மர்டர்ஸ் இன் தி பில்டிங்’ தொடரின் சாஸ் படாக்கி. ஸ்டீவ் மார்ட்டின் நடிக்கும் முதிய நடிகனுக்காகச் சண்டைக் காட்சிகளில் விழுந்து எழும் டூப் கலைஞர் அவர். அந்த மனிதனின் நடை, தோள் சாய்வு, தயக்கம் ஆகிய அனைத்தையும் லிஞ்ச் கவனித்துத் தம் உடலில் ஏற்றிக்கொண்டிருப்பதை இருவரும் அருகருகே நிற்கும்போது காணலாம். 2024-இல் வெளியான நான்காம் பருவம் சாஸின் கொலையைத் துப்பறிவது; பாத்திரம் இறந்துபோன பிறகும், நண்பனின் நினைவில் வந்து அவனோடு பேச லிஞ்சைத்தான் திரும்பத் திரும்ப அழைத்தார்கள்.