ஏழு நிமிஷம் பேச்சு, மூன்று நிமிஷம் மௌனம்

நேயர்களுக்கு வணக்கம். உள்ளே வரும்போதே இங்கே ஒரு தம்பி சொல்லித்தான் அனுப்பினார்: "சார், நடுவுல ரொம்ப இடைவெளி விட்டுடாதீங்க, ஸ்டேஷன் போயிடுச்சுன்னு நினைச்சுத் திருப்பிடுவாங்க." சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆனால் நான் சொல்ல வந்ததோ, நடுநடுவே வாயை மூடியே ஆகவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு போட்டிருந்த ஒரு ஒலிபரப்பைப் பற்றி.

இங்கிலாந்தில் செம்ஸ்ஃபோர்டு ஊருக்குப் பக்கத்தில் ரிட்டில் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு பழைய ராணுவ மரக் கொட்டகை. மார்க்கோனி கம்பெனியில் விமானங்களுக்கு ரேடியோ செய்கிற சின்னக் குழு ஒன்று அதில் வேலை பார்த்தது. அவர்களுக்குத் தலைவர் பீட்டர் எக்கர்ஸ்லி, அப்போது வயது முப்பது. 1922 பிப்ரவரி 14, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு இந்தக் கொட்டகையிலிருந்து 'டூ எம்மா டாக்' என்ற நிலையம் பேச ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு நாள், அரை மணி நேரம், அவ்வளவுதான் அனுமதி.

அதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1920 ஜூனில் மெல்பா என்ற பெரிய பாடகி செம்ஸ்ஃபோர்டிலிருந்து பாடி, ஐரோப்பா முழுக்கக் கேட்டுப் பரவசப்பட்ட அதே வருஷத்திலேயே, இது முக்கியமான தகவல் தொடர்புக்கு இடைஞ்சல் என்று தபால் இலாகா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. அப்புறம் வீட்டிலேயே ரேடியோ செய்து பார்க்கிற ஆர்வலர்களின் அறுபத்துமூன்று சங்கங்கள் சேர்ந்து மனுக் கொடுத்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது. திறந்ததோடு ஒரு நிபந்தனை: ஏழு நிமிஷம் ஒலிபரப்பினால் மூன்று நிமிஷம் நிறுத்தி, 'போதும், மூடு' என்று யாராவது உத்தரவு அனுப்புகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அரை மணியில் ஒன்பது நிமிஷம் இதற்கே போச்சு!

கொட்டகைக்குள் பாட வந்தவர்களுக்குப் பக்கத்துப் பப்பிலிருந்து ஒரு பியானோவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மைக் என்றால் இப்போது என் முன்னால் இருக்கிற மாதிரி இல்லை, டெலிபோன் வாய்க்குழல் வகைதான். வாயைக் கிட்டே கொண்டுபோய்ப் பேச வேண்டும்.

கேட்கிறவர் பக்கம் அதைவிட வேடிக்கை. பலரிடம் இருந்தது கிரிஸ்டல் செட், அதற்கு பாட்டரியே வேண்டாம். ஒரு துண்டு ஈயத் தாதுக்கல், அதன்மேல் முடி மாதிரி மெல்லிய கம்பி, அதற்குப் பெயரே பூனை மீசை. அந்தக் கம்பி நுனியால் கல்லை இங்கே தொட்டு, அங்கே தொட்டு, ஓரிடத்தில் குரல் கேட்டால் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள், மேசை ஆடினால் போயே போச்சு. ஹெட்போன் ஒன்றுதான் இருக்கும், வீட்டில் எல்லோருக்கும் ஆசை. அதனால் அதை ஒரு பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டு, சத்தம் கொஞ்சம் பெருகும் என்று கிண்ணத்தைச் சுற்றித் தலைகளை நீட்டிக்கொண்டு கேட்பது அந்தக் காலத்து வழக்கம். நினைத்துப் பாருங்கள், அந்தக் கோலத்தில் மூன்று நிமிஷம் ஒன்றுமே வராது. மீசை நகர்ந்துவிட்டதா, அவர்கள் நிறுத்தியிருக்கிறார்களா, யாருக்குத் தெரியும்?

முதல் சில வாரம் எக்கர்ஸ்லி மைக் பக்கமே வரவில்லை. இசைத்தட்டுகள், கொஞ்சம் பாட்டு, ஒழுங்காக, சப்பென்று போய்க்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய் இரவு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உற்சாகமாக வந்தவர், தானே மைக்கைப் பிடித்தார். இசைத்தட்டைப் போட்டார், அதைப் பற்றிக் கேலி பேசினார், வாயில் வந்ததெல்லாம் பேசினார். மூன்று நிமிஷ மௌனத்தைச் சுத்தமாக மறந்துபோனார், அரை மணியையும் தாண்டிவிட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து கண்டிப்பு வந்தது. கேட்டவர்களிடமிருந்தோ இன்னும் வேண்டும் என்று தபால் அட்டைகள் வந்தன. என்னைக் கேட்டால், இங்கிலாந்தில் வானொலி பிறந்தது பிப்ரவரி 14-இல் இல்லை, இந்த மனுஷன் விதியை மறந்த அந்த ராத்திரியில்தான். அதுவரை அங்கே போனது சோதனை சிக்னல்தான், அன்றைக்குத்தான் ஒருவர் இன்னொருவரிடம் பேசினார்.

அதே வருஷம் நவம்பரில் பி.பி.சி. வந்துவிட்டது. 1923 ஜனவரி 17-ஆம் தேதி ரிட்டில் நிலையம் மூடப்பட்டது. எக்கர்ஸ்லி பி.பி.சி.யின் முதல் தலைமைப் பொறியாளராகப் போனார். ரிட்டிலில் நிகழ்ச்சி முடிகிறபோது அவர் ஒரு சோகப் பாட்டின் மெட்டில் தானே கட்டிய வரிகளைப் பாடி விடைபெறுவாராம், கச்சேரி முடிந்தது, ரேடியோ ஊளையிடுகிறது என்று. செட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் ஊளைச் சத்தம் எழுந்து பக்கத்து வீட்டுக்காரன் செட்டிலும் கேட்கும், அதைத்தான் கிண்டல் செய்தார்.

எனக்குப் பாட வராது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார். வணக்கம்.