வெள்ளாறு தெரியவில்லை

வணக்கம் நேயர்களே. விமானம் ஓட்டிய அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்கள். ஊர் போய்ச் சேர்ந்த கதைகள் எத்தனையோ உண்டு. இன்று சேராமல் திரும்பிய கதையைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசிக் காலை. புதுச்சேரி லாஸ்பேட்டை ஓடுதளத்திலிருந்து மூன்று சிறிய விமானங்களில் பதினொரு பேர் மதுரைக்குக் கிளம்பினோம். மூன்றும் செஸ்னா 172. நான்கு இருக்கை, ஒற்றை எஞ்சின். 1955இல் முதன்முதலில் பறந்த ரகம். இதுவரை 44,000க்கும் மேல் செய்திருக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்தால் பழைய அம்பாசடர் காருக்கு இறக்கை முளைத்தது போலத்தான் இருக்கும். முதல் விமானத்தில் என் நண்பர், நடுவில் நான், கடைசியில் என்னிடம் பயின்ற ஒரு பெண். என் பின்னால் மைத்துனரும் அவர் மனைவியும். அந்த அம்மாளின் மடியில் ஒரு தூக்கு நிறையப் புளியோதரை.

கண்ணால் பார்த்துப் பறக்கிற பறத்தல் அது. தரை தெரிய வேண்டும், மேகத்தை விட்டு விலகியிருக்க வேண்டும், முன்னால் 5 கிலோமீட்டராவது துலங்க வேண்டும். வழிக்கு அடையாளம் நெய்வேலிப் புகைபோக்கிகள். அப்புறம் வெள்ளாறு, அரியலூர் சிமெண்ட் ஆலைகள், கொள்ளிடம், திருச்சி. கிளம்புமுன் பலகையில் எழுதினேன்: நெய்வேலியைத் தாண்டியும் வெள்ளாறு கண்ணில் படாவிட்டால் திரும்பிவிடுவோம். எழுதியவன் நான். மறந்தவனும் நான்தான்.

கடலூரை இடப்புறம் விட்டுப் போகும்வரை வானம் நன்றாகவே இருந்தது. நெய்வேலி நெருங்க நெருங்க மேகத்தின் அடி தாழ்ந்தது. 2,500 அடியில் பறந்தவர்கள் 1,500க்கு இறங்கினோம், பிறகு 1,000. தாழ்ந்த திண்ணையில் தலை இடிக்காமல் குனிந்துகொண்டே போவோமே, அது போல. குனிகிறோம் என்பதே உறைப்பதில்லை. மேலிருந்து பார்த்துப் பழகிய புகைபோக்கிகள் அன்று பக்கத்து வீட்டுத் தென்னை போல நின்றன.

"இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம்" என்றார் முன்னால் போனவர். சரி என்றேன். பின்னால் வாத்தியார் வருகிறார் என்று அவருக்குத் தைரியம். முன்னால் ஒருவர் போகிறாரே என்று எனக்குத் தைரியம். இருவருக்கும் எதிரே அதே சாம்பல் நிறம். தனியாகப் போயிருந்தால் அப்போதே திரும்பியிருப்பேன். உச்சிகால பூஜைக்குப் போய்விடுவோமா என்று வேறு மைத்துனர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

மேகத்துக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். உடம்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்பவை உட்செவியில் உள்ள அரைவட்டக் குழல்கள். ஒரே சீராக நீளும் திருப்பத்தில் அவை சற்று நேரத்தில் அடங்கிவிடும். விமானம் சாய்ந்து சுழன்று கீழே போய்க்கொண்டிருக்கும். உடம்போ நேராகப் போகிறோம் என்று சத்தியம் செய்யும். 1954இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாத 20 பேரை வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடிகளில். சூடான தேநீரை ஆற்றிக் குடிக்கக்கூட அந்த நேரம் போதாது. இந்தக் கணக்கை வகுப்புக்கு வகுப்பு கரும்பலகையில் எழுதியவன், அந்த ஐந்து நிமிடத்துக்குத் தலையாட்டினேன்.

அப்போதுதான் ரேடியோவில் அந்தப் பெண்ணின் குரல். "சார், வெள்ளாறு தெரியவில்லை. நான் திரும்புகிறேன்."

அனுமதி கேட்கவில்லை, செய்தி சொன்னார், அவ்வளவுதான். எனக்குக் காது சுட்டது. நொடிக்கு 3 பாகை வீதம் திருப்பினால், வந்த திசையை நோக்கி முழுதாகத் திரும்ப ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு இடம் மிச்சமிருக்கும்போதே திரும்பியாக வேண்டும். அதிலும் மூன்று பேர் ஒரே சமயத்தில் திரும்பினால் ஒருவரோடு ஒருவர் மோத நேரும். அவர் திரும்பி முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகு நான், எனக்குப் பிறகு நண்பர். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நிமிடத்தைப் பார்த்ததில்லை.

லாஸ்பேட்டையில் இறங்கியபோது சிறு தூறல். ஓடுதளத்தின் ஓரத்து மரத்தடியில் தூக்கைத் திறந்தோம். யாரும் அதிகம் பேசவில்லை. புளியோதரை நன்றாக இருந்தது. மதுரைக்குத் தொலைபேசியில் பேசிவிட்டு வந்த மைத்துனர், "அங்கே சுள்ளென்று வெயில் அடிக்கிறதாம்" என்றார். திரும்பியவனுக்கு இதுதான் சங்கடம். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரிடம் காட்டுவது?

அந்தப் பெண் பிறகு பெரிய பயணிகள் விமானங்களை ஓட்டப் போய்விட்டார். மைத்துனர் மட்டும் இன்னும் விடவில்லை. வெளியூர்ப் பயணம் என்று பேச்செடுத்தாலே, "மாமா, வெள்ளாறு தெரிகிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்கிறார்.