ஒரு டீச்சர், மூன்று தரம்: பிள்ளை தானாகப் படிக்கும் வகுப்பறை

(திரையில்: தேயிலை மலைக்கு நடுவே நீளமான பள்ளிக்கூடக் கட்டிடம். உள்ளே தடுப்புச் சுவர் இல்லாத மண்டபம்.)

வணக்கம். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவை, இராகலை, மடுல்சீமை என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கலாம். ஒரே மண்டபத்தில் இரண்டு மூன்று தரங்கள், அதாவது வகுப்புகள், இருக்கும். டீச்சர் தரம் மூன்றுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது தரம் ஒன்றுப் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் சத்தம். பாதி நாள் காத்திருப்பதிலேயே போய்விடும்.

அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிள்ளைகளே வேலையை எடுத்து, செய்து, சரிபார்க்கிற வகுப்பறை ஒன்று இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாகப் பல நாடுகளில் நடக்கிறது. நகரத்துப் பணக்காரப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் அதெல்லாம் சரிவரும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்முடைய சின்னப் பள்ளிக்கூடங்களுக்குத்தான் அது முதலில் பொருந்தும்.

(திரையில்: மரக்கட்டையில் பத்துக் குழிகள், பத்து உருளைகள்.)

1907 ஜனவரியில் ரோம் நகரத்தில், சன் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், மரியா மொண்டிசோரி என்ற மருத்துவர் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார். பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாமல் கட்டிடத்தில் சுற்றித்திரிந்த பிள்ளைகள் அவர்கள். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போக, பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில், வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள இந்த மரக்கட்டையே போதும். ஒவ்வொரு குழிக்கும் ஓர் அளவு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு குழி. ஒன்றைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும், அல்லது உள்ளே இறங்காது. பிழை எங்கே என்று யாரும் சொல்ல வேண்டாம், கட்டையே காட்டிவிடும். பிள்ளை கொட்டிவிட்டு மறுபடி தொடங்கும். பெரியவர் முகத்தைப் பார்த்து 'சரியா டீச்சர்?' என்று கேட்கிற பழக்கம் அங்கே தேவைப்படவில்லை. தானாகப் படிப்பது என்று நான் சொல்வதன் அடித்தளம் இதுதான்: பிழையைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்படி பொருளைச் செய்து வைப்பது.

மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலியும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் நாடு திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கி, 6 வயது முதல் 12 வயது வரையான பிள்ளைகளின் கல்வியை அங்கேதான் விரிவாக வளர்த்தெடுத்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். இந்த முறையின் ஒரு பெரிய பகுதி தமிழ் பேசும் ஒரு மலையூரில் உருவானது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

(திரையில்: கொலம்பியாவின் கோப்பி மலைகள்.)

ஆனால் நமக்கு ஆகக் கிட்டிய முன்மாதிரி கொலம்பியாவில் இருக்கிறது. நம்முடைய முன்னோர் இந்த மலைக்கு முதலில் வந்ததும் கோப்பிக்குத்தானே. அங்கேயும் மலை, அங்கேயும் கோப்பி, அங்கேயும் ஐந்து வகுப்புக்கு ஒன்றோ இரண்டோ ஆசிரியர்கள். 1970களின் நடுப்பகுதியில் விக்கி கொல்பெர்ட் என்பவரும் அவருடன் சேர்ந்த ஆசிரியர்களும் 'எஸ்குவேலா நுவேவா' என்ற முறையைத் தொடங்கினார்கள். புதிய பள்ளி என்று அர்த்தம். 1980களில் அதுவே நாட்டின் கிராமப்புறக் கல்விக் கொள்கை ஆனது.

அங்கே பாடத்தை டீச்சர் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பதில்லை. பிள்ளை கையில் ஒரு வழிகாட்டி நூல் இருக்கும். அதில் என்ன செய்ய வேண்டும், யாரோடு பேச வேண்டும், வீட்டில் எதைக் கேட்டு வர வேண்டும் என்று படிப்படியாக இருக்கும். பிள்ளைகள் சின்னக் குழுவாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் வேகத்தில் போவார்கள். வரவைத் தாங்களே பதிந்துகொள்வார்கள். தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அறுவடைக் காலத்தில் பிள்ளை சில வாரம் பள்ளிக்கு வராமல் போனால், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வருடக் கடைசியில் 'பெயில்' என்று அதே வகுப்பில் உட்கார வைப்பதில்லை. இங்கே தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நின்ற பிள்ளை, மழையில் பாதை உடைந்து வர முடியாத பிள்ளை, இரண்டு வாரம் கழித்து வந்து ஒன்றும் விளங்காமல் கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்த இரண்டு வாரத்தில்தான் பல பிள்ளைகளுக்குப் படிப்பு விட்டுப்போகிறது.

தமிழிலும் இதைப் போன்றது நடந்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டை முறையை ஒட்டியது அது. பாடம் முழுவதும் சின்ன அட்டைகளாக, ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கும். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து தங்கள் படிக்குரிய அட்டையை எடுப்பார்கள். சுவரில் அவர்கள் உயரத்துக்கே கரும்பலகை.

(திரையில்: பால்மா டின்கள், தேயிலைக் கொட்டைகள், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகள்.)

சரி, நம் மண்டபத்துக்கு வருவோம். ஒரு காலை நேரத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். பிள்ளை வந்ததும் தன் பெயர் எழுதிய அட்டையை ஆணியில் மாட்டுகிறது. வரவு முடிந்தது. கைக்கு எட்டும் உயரத்தில் தட்டுகள். தரம் ஒன்று பிள்ளை பால்மா டின்னை எடுத்துக் கொட்டைகளைப் பத்துப் பத்தாகப் பிரிக்கிறது. தரம் மூன்று பிள்ளை எடுத்த அட்டையில் இப்படி ஒரு கணக்கு: 'அம்மா காலையில் 7 கிலோ, பகலில் 6 கிலோ 500 கிராம், பின்னேரம் 5 கிலோ கொழுந்து எடுத்தார். சாக்குக்கும் ஈரத்துக்கும் 1 கிலோ கழித்தால் எவ்வளவு பதிவார்கள்?' செய்து முடித்து அட்டையைத் திருப்பினால் பின்னால் விடை இருக்கிறது, 17 கிலோ 500 கிராம். நிறுவையில் எவ்வளவு கழித்தார்கள் என்று லயத்தில் பின்னேரமானால் பேசாத வீடு உண்டா? அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கில் உண்மையான அக்கறை இருக்கும்.

வாசிப்பும் அப்படித்தான். 'நேத்து பீலிக்கரையில வழுக்கி விழுந்துட்டேன்' என்று பிள்ளை சொன்னால், டீச்சர் அதை அப்படியே எழுதிக் கொடுக்கட்டும். தான் சொன்ன வசனத்தைப் பிள்ளை எழுத்தெழுத்தாகத் தேடிப் படிக்கும். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பேசின பேச்சே பிழை என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அது வாயைத் திறக்காது. தரம் மூன்று அக்கா தரம் ஒன்று தம்பிக்கு வாசித்துக் காட்டலாம். வயது கலந்திருப்பதை மொண்டிசோரி வேண்டுமென்றே செய்தார். நமக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

அப்போ டீச்சருக்கு என்ன வேலை? வேலை கூடும். நான்கு பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் புதிய விஷயம் சொல்லிக்கொடுப்பார். மற்றவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று கொப்பியில் குறிப்பார். ஒரு பிள்ளை ஒரு கிழமையாக வாசிப்புத் தட்டுப் பக்கமே போகவில்லை என்றால் அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். சுதந்திரம் என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைத்துச் செய்தால் இந்த முறை கட்டாயம் தோற்கும். பொருளை எடுத்த இடத்தில் வைப்பது, மற்றவர் முடிக்கும்வரை பொறுப்பது, இதையெல்லாம் முதல் வாரங்களில் பொறுமையாகப் பழக்க வேண்டும்.

இதற்கு மேலிடத்து அனுமதி வேண்டுமா என்று சிலர் தயங்கலாம். 1999இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமே தரம் ஒன்று, இரண்டில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் முதலிடம் கொடுக்கிறது. எழுத்து வேலை அங்கே குறைவாகத்தான் இருக்க வேண்டும். தரம் ஐந்துக்குப் போகப் போகத்தான் அது கூடுகிறது. பாடத்திட்டம் இந்தப் பக்கம்தான் நிற்கிறது.

தடையாக நிற்பது தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை மீது நமக்குள்ள பயம். அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்தை விட்டு வெளியே போக நம் பிள்ளைகளுக்கு இருக்கிற வழிகள் மிகக் குறைவு. ஆனால் தரம் இரண்டிலேயே மாதிரி வினாத்தாளைக் கையில் கொடுத்தால், வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை விடையை மனப்பாடம் செய்யத்தான் பழகும். முதல் மூன்று வருடத்தைத் தடையில்லாமல் வாசிக்கவும், எண்ணிப் புரிந்துகொள்ளவும் கொடுங்கள். வினாத்தாளுக்கு அதன் பிறகும் நேரம் இருக்கிறது.

டீச்சர்மாருக்கு ஒரு யோசனை. முழு நாளையும் மாற்ற வேண்டாம். ஒரு தட்டு, இருபது அட்டை, காலையில் ஒரு மணி நேரம் என்று ஒரு தவணைக்குச் செய்து பாருங்கள். விடை பின்பக்கம் இருக்கட்டும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கொப்பி எத்தனை பக்கம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், பிள்ளை தானாக எதை எடுக்கிறது, எதைத் தவிர்க்கிறது என்றும் கேளுங்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை தரம், எத்தனை பிள்ளைகள் என்று கீழே எழுதினால், அதற்கேற்ற அட்டைகளை எப்படிச் செய்வது என்று அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன்.