மழை நின்ற பிறகு வந்த தண்ணீர்

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்து மக்களே, வணக்கம். வானிலை கெட்டதற்குப் பெரும்பொறுப்பு வசதி படைத்தவர்களுக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒன்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். "மழைக்குப் பணக்காரன், ஏழை தெரியுமா? எல்லார் தலையிலும் ஒன்றாகத்தானே பெய்கிறது?" சரி தம்பி, 2024 நவம்பர் 20-க்கு வாருங்கள். ராமேஸ்வரத்தில் பத்து மணி நேரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டிய நாள்.

என் பெரியம்மா கடலில் முங்கிப் பாசி எடுப்பவர். பள்ளத் தெருவில் வீடு. தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் ரேஷன் கார்டைச் சருவத்தில் போட்டு மூடினார், ஆட்டைக் கட்டிலில் ஏற்றினார். மழை விட்டது. தண்ணீர் படி ஏறவில்லை. "தப்பிச்சோம்டா சாமி" என்று உட்கார்ந்தார். அப்புறம்தான் டுர்ரென்று ஒரு சத்தம். தெருமுனை விடுதியில் மோட்டார் போட்டார்கள். கீழ்த்தளத்தில் நின்ற தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருவில் விட்டார்கள். பள்ளத் தெரு, அது எங்கே போகும்? நேரே பெரியம்மா வீட்டுக்குள் போனது!

மறுபடி சொல்கிறேன், தம்பி. மழையில் நிரம்பாத வீடு, மழை நின்ற பிறகு நிரம்பியது. இரண்டு பேர் தலையிலும் ஒரே மழைதான். மோட்டார் ஒருவரிடம், தண்ணீர் இன்னொருவரிடம்!

உலகமும் அந்தத் தெருதான். பூமியைச் சூடாக்குவது கரியமிலப் புகை. 2019-இல் வெளியான அந்தப் புகையில் 16 சதவீதம் உலகின் ஒரு சதவீதப் பணக்காரர்களுடையது என்கிறது ஆக்ஸ்பாம் என்ற தொண்டு நிறுவனத்தின் கணக்கு. அடித்தட்டில் இருக்கும் 500 கோடிப் பேர் சேர்ந்து விட்டதும் அதே அளவுதான். வானிலை கெட்டதால் ஏழை நாடுகளுக்கு வந்த இழப்புக்கு ஒரு நிதி வைக்கவே பணக்கார நாடுகள் 2022 வரை இழுத்தன.

என் பெரியம்மா விமானம் ஏறியதில்லை. வீட்டில் ஏசி இல்லை. பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார். 2016-இல் கடல் கொதித்து மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை வெளுத்தபோது, "சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்குப்பா" என்று வந்து சொன்னார். அந்தச் சூட்டில் அவர் பங்கு எவ்வளவு, நடுவர் அவர்களே? அடுப்பில் வைத்த விறகுதானே?

அந்த மழை நாள் ராத்திரி நான் போனபோது, அதே துணி சுற்றிய விரலால் ஈயச்சட்டியைப் பிடித்துத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்ற ஊற்ற உள்ளே வந்தது. மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, ஐயா.