அயர்லாந்து புல்லில் ஜெயித்த குதிரை அமெரிக்க மண்ணில் ஓடுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. நீளமா அனுப்பியிருக்காங்க, சுருக்கிப் படிக்கிறேன். "அயர்லாந்துல ரெண்டு வயசு ஆண் குதிரை ஒண்ணு. மூணு தடவை ஓடி ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கு. ரெண்டுமே 7 ஃபர்லாங் (ஒரு ஃபர்லாங் சுமார் 200 மீட்டர்), புல் தடம். கூட்டத்துக்குப் பின்னாடியே இருந்து கடைசி ரெண்டு ஃபர்லாங்ல பறந்து வந்து ஜெயிச்சது. தகப்பன் அமெரிக்கக் குதிரை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் மண் தடத்துல ஓட்டப் போறாங்களாம், என்னைப் பங்கு சேரச் சொல்றாங்க. எதை வச்சு முடிவு பண்றது?"

இதுல எல்லாரும் "தகப்பன் அமெரிக்கக் குதிரை"ங்கிற வரியைத்தான் பிடிச்சுக்குவாங்க. எனக்கு நெருடுறது அதுக்கு முந்தின வரி. "கடைசி ரெண்டு ஃபர்லாங்ல பறந்து வந்து ஜெயிச்சது." புல்லுல அது பெரிய குணம். அமெரிக்க மண்ல அதை வச்சு எதையும் சொல்லிட முடியாது. அங்க முதல் ரெண்டு ஃபர்லாங்ல இந்தக் குதிரை எங்க இருக்கும்கிறதுதான் கேள்வி.

ரெண்டு ஊர்லயும் பந்தயம் நடக்குற விதமே வேற. ஐரோப்பாவுல முதல் பாதி அடக்கி ஓட்டுவாங்க, கடைசி மூணு ஃபர்லாங்ல சண்டை. அமெரிக்காவுல கேட், அதாவது குதிரைங்க கிளம்புற கதவு, திறந்த நிமிஷமே சண்டை. அமெரிக்காவோட பெரிய மண் பந்தயமான கென்டக்கி டெர்பியில 2018ல ஜஸ்டிஃபைங்கிற குதிரை ஜெயிச்சப்போ முதல் ரெண்டு ஃபர்லாங் 22.24 நொடி, நாலு ஃபர்லாங் 45.77 நொடி. 10 ஃபர்லாங் பந்தயத்துக்கு இந்த வேகம்! அதுக்கப்புறம் எல்லாக் குதிரையும் தளர ஆரம்பிக்கும். யாரு குறைவா தளருறானோ அவன் ஜெயிக்கிறான்.

இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்தயத்தோட மொத்த நேரத்தை ஃபர்லாங் எண்ணிக்கையால வகுத்தா ஒரு ஃபர்லாங்குக்கு சராசரி கிடைக்கும். அதை ரெண்டால பெருக்குங்க. வர்றதை, கடைசி ரெண்டு ஃபர்லாங்குக்கு நிஜமா ஆன நேரத்தால வகுத்து சதவீதமாக்குங்க. உதாரணத்துக்கு, புல்லுல 10 ஃபர்லாங் 2 நிமிஷம் 5 நொடி. சராசரி 12.5, ரெண்டு ஃபர்லாங்குக்கு 25. கடைசி ரெண்டை 23.4 நொடியில முடிச்சிருந்தா 107 சதவீதம். அதாவது முன்னாடி மெதுவா ஓடி சக்தியைச் சேர்த்து வச்சு கடைசியில செலவழிச்சிருக்கு. மண்ல அதே தூரம் 2 நிமிஷம் 2 நொடி, கடைசி ரெண்டு ஃபர்லாங் 25.5 நொடின்னு வைங்க. 96 சதவீதம்தான் வரும். நீங்க சொல்ற குதிரையோட ரெண்டு வெற்றிக்கும் இந்தக் கணக்கைப் போடுங்க. ரெண்டுமே 105க்கு மேல இருந்தா, வேகமான ஆரம்பத்தைத் தாங்குமான்னு அது இன்னும் காட்டவே இல்ல. தோத்த ஓட்டம் ஒண்ணு இருக்கில்லையா, அதை விடாதீங்க. அந்தப் பந்தயம் ஆரம்பத்துல வேகமா போய், இது முன்வரிசையில நின்னு ரெண்டு நீளத்துல (நீளம்னா ஒரு குதிரையோட உடம்பு நீளம்) தோத்திருந்தா, எனக்கு அந்தத் தோல்வி ரெண்டு வெற்றியையும் விட மதிப்பு.

இப்போ தகப்பன் விஷயத்துக்கு வரேன். வம்சம் முக்கியம்தான், இல்லைன்னு சொல்லல. 2000ல கென்டக்கியில இருக்கிற சர்ச்சில் டவுன்ஸ் தடத்துல, அயர்லாந்துல பயிற்சி எடுத்த ஜயன்ட்ஸ் காஸ்வே, அமெரிக்காவோட பெரிய பந்தயமான பிரீடர்ஸ் கப் கிளாசிக்ல டிஸ்னோங்கிற அமெரிக்கக் குதிரைகிட்ட வெறும் கழுத்தளவுல தோத்தது. அது அமெரிக்கக் குதிரை ஸ்டார்ம் கேட்டோட மகன். 2013ல சான்டா அனிட்டாவுல மூக்களவு, தலையளவுன்னு முடிஞ்ச கிளாசிக்ல மூணாவதா வந்த அயர்லாந்துப் பயிற்சிக் குதிரை டெக்ளரேஷன் ஆஃப் வார், அமெரிக்கக் குதிரை வார் ஃபிரன்ட்டோட மகன். ஆனா 2024 பாருங்க. அயர்லாந்துப் பயிற்சிக் குதிரை சிட்டி ஆஃப் ட்ராய். தகப்பன் ஜஸ்டிஃபை, அமெரிக்க ட்ரிபிள் கிரௌன் (ஒரே வருஷத்துல மூணு பெரிய பந்தயம்) ஜெயிச்ச குதிரை. இதுக்கு மேல மண் வம்சம் எங்க தேடுறது? இங்கிலாந்துல எப்சம் டெர்பி ஜெயிச்சு, யார்க்ல முன்னாலேயே ஓடி தட சாதனையோட ஜெயிச்சு, சவுத்வெல் செயற்கைத் தடத்துல விசேஷப் பயிற்சியும் எடுத்துட்டுத்தான் கிளாசிக் ஓட கலிஃபோர்னியாவுல இருக்கிற டெல் மார் போச்சு. கேட்டுலேருந்து மந்தமா வெளிய வந்தது, முன்னாடி போனவங்க உதைச்ச மண்ணு முகத்துல அடிச்சது, எட்டாவது இடம். அவ்வளவுதான் கதை. நேர் எதிரா தண்டர் ஸ்னோவை எடுத்துக்கோங்க. தகப்பன் ஹெல்மெட், ஆஸ்திரேலியக் குதிரை. மண்ணுக்கான வம்சம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. துபாய் வேர்ல்ட் கப்பை 2018, 2019ன்னு ரெண்டு தடவை மண்ல ஜெயிச்சு, 2018 கிளாசிக்ல மூணாவதா வந்தது. அதே தண்டர் ஸ்னோ 2017 கென்டக்கி டெர்பியில கேட்டை விட்டு வந்ததும் துள்ளிக் குதிச்சு, ஜாக்கி நிறுத்த வேண்டியதாப் போச்சு. அதனால வம்சத்தை நான் வடிகட்டியா மட்டும்தான் பயன்படுத்துவேன். தகப்பன் பக்கம் மட்டும் பார்க்காதீங்க, தாய்க்குதிரையும் அதோட மத்த குட்டிகளும் மண்ல ஓடியிருக்கான்னு தேடுங்க. தாய் பக்கம் முழுக்க 12 ஃபர்லாங் புல் ரத்தமா இருந்தா தகப்பன் பேரு பாதிதான் கை கொடுக்கும்.

அந்த உதைச்ச மண்ணு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், ஏன்னா அதிகம் பேரு ஏமாறுறது அங்கதான். அமெரிக்கத் தடம்னா மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்த மேல்படுகை, சுமார் மூணு நாலு அங்குலம் தளர்வா இருக்கும், அடியில கெட்டியான தளம். பந்தயத்துக்குப் பந்தயம் பரம்படிப்பாங்க. முன்னாடி போற குதிரை ஒவ்வொரு எட்டுக்கும் அந்த மண்ணைப் பின்னாடி வீசும். முகம், நெஞ்சு, ஜாக்கி கண்ணாடி எல்லாத்துலயும் வந்து அறையும். புல்லுல பழகின குதிரை தலையைத் தூக்கும், வேகத்தைத் தானா குறைக்கும். பின்னாலேருந்து வர்ற பழக்கம் உள்ள குதிரைக்கு இது ரெட்டைத் தண்டனை. பின்னால நிக்கிறதால மண்ணு விழுது, மண்ணு விழுறதால இன்னும் பின்னால போகுது.

அயர்லாந்துல பயிற்சி எடுத்த மெண்டல்சன் இதுக்கு நல்ல பாடம். கென்டக்கியில கீன்லேண்ட் ஏலத்துல 30 லட்சம் டாலருக்கு வாங்கின குட்டி, பேர்போன அமெரிக்கக் குதிரைங்க பிஹோல்டருக்கும் இன்டு மிஸ்சீஃபுக்கும் இதுக்கும் ஒரே தாய். வம்சத்துல குறையே சொல்ல முடியாது. 2018 மார்ச்ல துபாய் மண்ல யுஏஇ டெர்பியை பதினெட்டரை நீளத்துல ஜெயிச்சது. மே மாசம் கென்டக்கி டெர்பியில 20 குதிரையில கடைசி. துபாய்ல அது முன்னாலேயே ஓடிடுச்சு, மண்ணே முகத்துல படல. சர்ச்சில் டவுன்ஸ்ல சேறு, கிளம்பும்போதே இடி வாங்கிப் பின்னால போயிடுச்சு. அப்புறம் அதே வருஷம் அமெரிக்காவுல டிராவர்ஸ்ங்கிற மண் பந்தயத்துல முன்னால ஓடி ரெண்டாவதா வந்தது. மண்ல ஓடத் தெரியும், மண்ணைத் தின்னத்தான் தெரியாது. அதனால யாராவது "மண்ல பத்து நீளத்துல ஜெயிச்சிருக்கு"ன்னு சொன்னா, எந்த இடத்துலேருந்து ஜெயிச்சதுன்னு வீடியோவைப் போட்டுப் பாருங்க.

"அயர்லாந்து டண்டாக்ல, இங்கிலாந்து கெம்ப்டன்ல செயற்கைத் தடத்துல ஓடியிருக்கு, அதனால மண்ணுக்கும் சரிப்படும்"னு ஒரு வாதம் வரும். நம்பாதீங்க. பாலிட்ராக், டப்பேட்டாங்கிற செயற்கைத் தட வகை ரெண்டும் மெழுகு பூசின மணலும் இழையும். ஓட்டத்துக்கு புல்லுக்குத்தான் பக்கம். 2008ல சான்டா அனிட்டா செயற்கைத் தடமா இருந்தப்போ கிளாசிக்ல ரேவன்ஸ் பாஸ், ஹென்றி த நேவிகேட்டர்னு ரெண்டு ஐரோப்பியக் குதிரைங்க ஒண்ணாவது ரெண்டாவதா வந்துச்சு. நிஜ மண்ல நடந்த கிளாசிக்கை ஐரோப்பியப் பயிற்சியில இருந்த குதிரை ஜெயிச்சது ஒரே தடவைதான். 1993ல ஆர்காங்க், பந்தய விகிதம் 133க்கு 1. பிரிட்டன்ல மண்ணுக்குக் கிட்டத்துல இருந்தது சவுத்வெல்லோட பழைய ஃபைபர்சேண்ட் தடம், அதையும் 2021ல எடுத்துட்டு டப்பேட்டா போட்டுட்டாங்க. ஆக அங்கேயே வச்சுச் சோதிக்க வழி கம்மி. செயற்கைத் தடப் பயிற்சியில ரெண்டு குதிரைக்குப் பின்னாடி ஒட்டி ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. தலை தூக்காம, காதை மடக்காம கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்துட்டு ஓடினா அது ஒரு நல்ல அறிகுறி, உத்தரவாதம் இல்ல.

உடம்புல என்ன பார்க்கணும்? மண்ல குளம்பு இறங்கும்போது கொஞ்சம் முன்னால வழுக்கும், தள்ளும்போது அடி மண்ணு உடைஞ்சு பின்னால போகும். அதனால தள்ளுற சக்தி விரயமாகும். அதை ஈடுகட்ட பின்தொடை கனமா, பின்பக்கம் அகலமா இருக்கணும். நீளமான, மெல்லிசான, மிதந்து போற எட்டு புல்லுக்கு அழகு. மண்ணுக்கு எட்டு கொஞ்சம் குட்டையா, அடுத்தடுத்து சட்டுச்சட்டுன்னு விழணும். வீடியோவுல ஜாக்கி அடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முந்தின 10 நொடியை எடுத்து ஏதாவது ஒரு முன்கால் எத்தனை தடவை விழுதுன்னு எண்ணுங்க. 22 வந்தா நீள எட்டு. 24, அதுக்கு மேல வந்தா மண்ணுக்குப் பிடிச்ச கால். முட்டியை உயரத் தூக்கி சேத்துப் புல்லுல மட்டும் ஜெயிச்ச குதிரைன்னா நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.

அப்புறம் கால் மாத்துறது. அமெரிக்காவுல எல்லா மண் தடமும் இடப்பக்கம் திரும்பும். சர்ச்சில் டவுன்ஸ், சான்டா அனிட்டா, டெல் மார் எல்லாம் ஒரு மைல் சுற்று, திருப்பம் கெட்டி. திருப்பத்துல இடது முன்கால் முன்னால விழணும், நேர்ப் பாதைக்கு வந்ததும் வலதுக்கு மாத்தணும். மாத்தாத குதிரை ஒரே காலை வச்சு மொத்தப் பந்தயமும் ஓடி களைச்சுடும். அயர்லாந்து குர்ரா தடத்துல வலப்பக்கத் திருப்பத்துலயும் நேர்த் தடத்துலயும் மட்டும் ஓடின குட்டிக்கு இது தெரியாம இருக்கலாம். சொல்லிக்கொடுக்க முடியும், ஆனா நாள் ஆகும். கேட்டும் அப்படித்தான். அங்க கேட் திறக்கும்போது மணி அடிக்கும், ஐரோப்பாவுல அது கிடையாது. அரை நொடி தடுமாறினா ரெண்டரை நீளம் போச்சு, அதோட முன்வரிசை இடமும் போச்சு. நீங்க சொன்ன குதிரை பின்னாலேயே ஓடுதுன்னா அது ஜாக்கி வேணும்னே அடக்கினதாலயா, இல்ல கேட்டுலேயே மந்தமான்னு மூணு ஓட்டத்தையும் பார்த்தா தெரிஞ்சுடும். அடக்கினதுன்னா பிழைச்சோம். மந்தம்னா, பங்கு வேண்டாம்.

இன்னொண்ணு, நேரா பெரிய பந்தயத்துல இறக்குற திட்டமா இருந்தா ஒதுங்கிக்கோங்க. ஐரோப்பியப் பயிற்சியில இருந்த குதிரை கென்டக்கி டெர்பியை இதுவரைக்கும் ஜெயிச்சதே இல்ல. ரொம்பக் கிட்ட வந்தது 1986ல போல்ட் அரேஞ்ச்மென்ட், ரெண்டாவது இடம். அது முன்கூட்டியே போய் கீன்லேண்ட்ல புளூ கிராஸ்ங்கிற மண் பந்தயத்துல ஓடிட்டு வந்த குதிரை. 1990ல ட்ரிபிள் கிரௌன் பந்தயங்கள்ல ஒண்ணான பெல்மான்ட்டை ஜெயிச்ச அயர்லாந்துக் குதிரை கோ அண்ட் கோவும் முந்தின வருஷமே அமெரிக்காவுல லாரல் தடத்துல மண்ல ஜெயிச்சிருந்தது. 1991ல அதே சர்ச்சில் டவுன்ஸ் மண்ல ரெண்டு வயசுக் குதிரைங்களுக்கான பிரீடர்ஸ் கப் ஜுவனைலை அள்ளிட்டுப் போன பிரான்ஸ் பயிற்சிக் குதிரை அராசி கூட, முட்டி அறுவை முடிஞ்சு பிரான்ஸ் புல்லுல ஒரே ஒரு ஓட்டத்தோட டெர்பிக்கு வந்து எட்டாவதா போச்சு. நியாயமான திட்டம்னா, போய்ச் சேர்ந்து குறைஞ்சது 60 நாள், மண்ல அஞ்சாறு நேரம் பார்த்த பயிற்சி, அப்புறம் சின்னப் பந்தயம். 4 ஃபர்லாங் 48 நொடி, 5 ஃபர்லாங் ஒரு நிமிஷம் சுமார்ல, இன்னொரு குதிரைக்குப் பின்னாடி இருந்து, முடிவுக் கோட்டைத் தாண்டியும் தானா ஓடிட்டே போகணும். நேரம் மட்டும் நல்லா இருந்து, கோடு தாண்டினதும் நின்னுடுச்சுன்னா சந்தோஷப்படாதீங்க.

கால்நடை மருத்துவர் சோதனையில முட்டி, கணுக்கால் எக்ஸ்ரேவும் தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிறதும் கட்டாயம். ஓட்டம் முடிஞ்சு நுரையீரல்ல ரத்தம் கசியுதான்னும் பார்க்கணும். பந்தய நாள்ல லேசிக்ஸ்ங்கிற ரத்தக்கசிவு மருந்தைக் கொடுத்துச் சமாளிக்கிறது அமெரிக்காவுல பெரும்பாலான இடங்கள்ல ரெண்டு வயசுப் பந்தயங்கள்லயும் ஸ்டேக்ஸ்ங்கிற உயர்தரப் பந்தயங்கள்லயும் இப்போ முடியாது. முன்லாடத்துல பிடிமானத்துக்கு நுனி வைக்கவும் அனுமதி இல்ல. குளம்போட சொந்தப் பிடிதான்.

விலையைப் பத்தி ஒரு வார்த்தை. இந்தக் குதிரை அமெரிக்காவுல புல்லுல ஓடினா என்ன பெறும்னு கணக்குப் போட்டு, அந்த விலைக்குத்தான் பங்கு எடுங்க. மண்ணுக்குன்னு கூடுதலா ஒரு காசு கேட்டாலும் கொடுக்காதீங்க. அதோட, பணம் கட்டுறதுக்கு முன்னாடி பைரோபிளாஸ்மோசிஸ் ரத்தப் பரிசோதனை கேளுங்க. உண்ணி பரப்புற நோய் அது, குதிரை பார்க்க ஆரோக்கியமா இருந்தாலும் ரத்தத்துல காட்டும். அமெரிக்கத் துறைமுகத்துல குறைஞ்சது 42 மணி நேரம் தனிமையில வச்சு இதைச் சோதிப்பாங்க, பாசிட்டிவ்னு வந்தா உள்ள விடமாட்டாங்க. விமானச் செலவும் திரும்பி வர்ற செலவும் உங்க பங்குலேருந்துதான் போகும்.